பாலத்துக்கு முந்தைய வளைவு

பகலில் ஒஸ்த்ராவாவின் எட்டாம் நம்பர் ட்ராமுக்கு
நான் டிரைவர்.
இரவில் எழுதுவதும் டிரைவர்தான்,
பழைய கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றுக்கு.
இரண்டிலும் ஒரே வேலை:
குலுங்கக் கூடாது.

மேல்மாடி லுபோர் ஜனவரியில் வந்து
கதவில் சாய்ந்தபடி சொன்னான்.
மூன்று வருடம் தொடாத லினக்ஸைக்
கிறிஸ்துமஸுக்குப் புதுப்பித்தானாம்.
பனிப்பந்தயத்தில், பாலத்துக்கு முந்தைய வளைவில்
படம் திக்குகிறது.
ஒரு கண்ணிமைப்புதான்.
அதற்குள் கார் ஆற்றில்.
விண்டோஸில் திக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்,
பக்கத்து வீட்டுக் குழம்பைப் புகழ்கிற மாதிரி.

நான் எண்ணைக் காட்டினேன்.
சராசரி: நொடிக்குத் தொண்ணூற்று நான்கு ஃப்ரேம்.
பழையதைவிட ஆறு அதிகம்.
அவன் எண்ணைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.

சராசரி எனக்குத் தெரியாததா.
எட்டாம் நம்பர் சராசரியாக நேரத்துக்குத்தான் வருகிறது.
மைனஸ் பதினான்கில்
பதினோரு நிமிடம் நின்றவளிடம்
அதைச் சொல்லிப் பாருங்கள்.

அன்றிரவு ஃப்ரேம்களைத் தனித்தனியே அளந்தேன்.
பத்து மில்லிநொடி, பதினொன்று, பத்து, பத்து,
எழுபத்திரண்டு,
பத்து.
படிய வாரிய தலையில்
நிமிர்ந்து நிற்கும் ஒற்றை முடி.

மூன்று வருடத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் மாற்றங்கள்.
நடுவில் வெட்டு. கம்பைல் செய். வளைவை ஓட்டிப் பார்.
திக்கினால் குற்றம் முன்பாதியில்,
திக்காவிட்டால் பின்பாதியில்.
அரை, கால், அரைக்கால்,
வீசம், அரைவீசம்,
அதற்கும் கீழே பெயர் வைத்தவர்களை
வணங்கிவிட்டு மேலும் வெட்டு.

வெட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம்.
பூண்டு சூப் கொதித்தது.
சீருடைக்குப் பொத்தான் தைத்தேன்.
ஆலைப் பக்கத்து வானம் ஆரஞ்சாகி மறுபடி கறுத்தது.
ஒன்பதாவது வெட்டில் திரையே எழவில்லை;
அது வேறு யாரோ செய்த பாவம், தாண்டிப் போனேன்.

சந்தேகப் பட்டியல் என்னிடம் தயாராக இருந்தது.
ஷேடர் கம்பைலரைத் தலைகீழாக்கிய ரெசிஃபிக்காரன்.
நினைவகத்தில் கை வைக்காதே என்று
இரண்டு முறை எழுதியும் கேட்காத ஹெல்சிங்கிக்காரி.
அவளுக்கான கடிதத்தின் முதல் வாக்கியம்கூட
மனதில் இருந்தது. நல்ல காரம்.

நாலாம் இரவு, இரண்டே முக்கால் மணி.
பதின்மூன்றாவது வெட்டில் மிஞ்சியது ஒரே மாற்றம்.
நான்கு வரி.
"சும்மா இருந்தால் சீக்கிரம் தூங்கட்டும்."
கையொப்பம்: த்ரஹோமீரா வாவ்ரோவா.

நான்தான்.

மின்கட்டணம் இரட்டித்த குளிர்காலம் அது.
கோட்டைக் கழற்றாமல் தட்டச்சு செய்தேன்.
வேலையில்லாமல் விழித்திருக்கவே
இந்த அட்டை ஒன்பது வாட் தின்றது.
மூச்சுவிட நேரம் கிடைத்தால் உடனே கண்ணை மூடு என்றேன்.
சொன்னால் கேட்கும் பிறவி.
பாலத்துக்கு முன்னால் ஆட்டம்
வட்டிலிருந்து ஆற்றைத் தேடி எடுக்கிற இடைவெளியில்
கண்ணயர்கிறது.
எழுந்து முகம் கழுவி வருவதற்குள்
கார் கரையைத் தாண்டிவிடுகிறது.

நான்கு வரியையும் அழித்துவிடலாம்.
அழித்தால் அந்த ஒன்பது வாட்
கோட்டோடு உட்கார்ந்திருக்கும் வேறொருவர் வீட்டில் எரியும்.
அழிக்கவில்லை.
ஐந்தாவது வரி எழுதினேன்:
ஆட்டம் ஓடும்போது தூங்காதே,
மற்ற நேரம் உன் இஷ்டம்.
அது இரண்டு நிமிட வேலை.
"பிழை என்னுடையது" என்ற குறிப்புக்குத்தான்
அரை மணி நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை லுபோர் கண்ட்ரோலரை என் கையில் திணித்தான்.
நீயே ஓட்டு.
வளைவு வந்தது.
பத்து, பத்து, பதினொன்று, பத்து.
பாலத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன,
கம்பிகளில் பனி தெரிந்தது.
பார்த்துக்கொண்டே
நேராக ஆற்றுக்குள் போனேன்.

லுபோர் சிரித்துச் சிரித்து இருமினான்.
என்ன செய்ய.
என் வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது,
தண்டவாளம்தான் திரும்பும்.

குறை சொல்ல இப்போது
ஒரே ஒரு டிரைவர்தான் பாக்கி.